எந்த வரியை அழிக்கணும்?

அத்தியாயம் பதினொன்று

ஒரே சமையலறையில் இரண்டு பெண்கள் பேசாமல் வேலை செய்தால் பாத்திரங்கள் பேச ஆரம்பித்துவிடும். அன்று காலை அந்த வீட்டில் பாத்திரங்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

மூத்த மருமகள் தையற்காரி. வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டு, தெருவில் பாதிப் பெண்களின் இடுப்பளவோடு அவர்கள் வீட்டு ரகசியங்களையும் சேர்த்து மனப்பாடமாக வைத்திருப்பவள். இளைய மருமகள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அண்ணனும் தம்பியுமாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறவர்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள்தான் என்றாலும், பார்க்கிறவர்கள் இவர்களை ஓரகத்திகள் என்று சொல்லமாட்டார்கள். அக்கா தங்கை என்றுதான் நினைப்பார்கள். எல்லாம் போன வாரம் வரைக்கும்தான்.

போன வாரம் டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்கு எட்டாவது பாடம் எடுத்தாள். இனப்பெருக்கம், வளரிளம் பருவம் என்று பாடப்புத்தகத்தில் அச்சடித்திருக்கிற பாடம்தான். ஒவ்வொரு வருஷமும் "இதை வீட்ல படிச்சுக்கோங்க" என்று சொல்லிப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிற பாடம். இந்த வருஷம் அவள் தள்ளவில்லை. பையன்களையும் பெண்களையும் ஒன்றாக உட்காரவைத்து, பலகையில் படம் போட்டு, எதெதற்கு என்ன பெயரோ அந்தப் பெயரைச் சொல்லியே நடத்தினாள்.

அந்த வகுப்பில் மூத்தவளின் மகள் சிட்டுவும் இருந்தாள்.

சிட்டு போய் அம்மாவிடம் சொன்னாள். அம்மா, அளவெடுக்க வந்தவளிடம் சொன்னாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சுக்குக் கை கால் முளைத்துவிட்டது. பெற்றோர் சங்கத் தலைவரான ஃபர்னிச்சர்காரர் காதுக்குப் போய்ச் சேரும்போது, 'பிள்ளைகளைக் கெட்டுப்போகச் சொல்லிக்கொடுக்கிறாள்' என்று ஆகியிருந்தது.

இன்று பிற்பகல் பள்ளியில் கூட்டம்.

"ஒரே ஒரு வார்த்தை," என்றான் டீச்சரின் கணவன், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "'தெரியாம நடந்துடுச்சு'ன்னு சொல்லிடு. முடிஞ்சுபோச்சு."

"தெரியாம நடக்கலையே. ஒரு வாரம் தயார் பண்ணிட்டுப் போய் நடத்தினேன்."

"ஃபர்னிச்சர்காரர் செய்யற அலமாரிக்கெல்லாம் நம்ம கடைக் கண்ணாடிதான் போகுது. அண்ணன் வேற ஊர்ல இல்ல. இந்த நேரத்துலயா அவரோட மல்லுக்கு நிக்கணும்?"

"நான் நிக்கலை. அவர்தான் வந்து நிக்கறார்."

மூத்தவள் அடுப்பை அணைத்தாள். ஒரு வாரமாகக் கட்டிவைத்திருந்த மௌனம் அப்போதுதான் அவிழ்ந்தது.

"நான் கோள் சொல்லணும்னு சொல்லலை. பேச்சுவாக்குல வந்துடுச்சு. அதுக்கு என்னை என்ன வேணா சொல்லு. ஆனா என் பொண்ணு உட்கார்ந்திருக்கிற கிளாஸ்ல, பக்கத்துல பசங்களை வெச்சுக்கிட்டு... என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா என்னக்கா சொல்லியிருப்பீங்க?"

"வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் கேட்கலை."

மூத்தவள் முகம் சிவந்துபோனது. "பாடம் நடத்திட்டே, சரி. அன்னைலேர்ந்து அவ ஒழுங்கா சாப்பிடறாளா பாரு. பாட்மின்டன் ராக்கெட்டைத் தொடறதே இல்லை. கோச் போன் மேல போன் பண்றார். 'நல்லா ஆடற பொண்ணு, ஏன் அனுப்பலை'ன்னு கேட்கறார். நான் என்ன பதில் சொல்றது? பிஞ்சு மனசுல எதையோ போட்டுக் கலக்கிட்டே நீ."

டீச்சர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினாள். சிட்டு வாசலில் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் சித்தியின் வண்டியில்தான் பள்ளிக்குப் போவாள். இப்போது இருவர் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கி நடந்துவிட்டாள்.

மெய்யாகவே தன் பாடம்தான் குழந்தையைக் குலைத்துவிட்டதோ? வண்டியைக் கிளப்பும்போது டீச்சரின் மனசில் அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்து நின்றது. ஃபர்னிச்சர்காரர் ஆயிரம் பேசட்டும், காதில் வாங்காமல் போய்விடலாம். சிட்டு சாப்பிடாமல் எழுந்து போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

தலைமையாசிரியர் நல்ல மனிதர். அவருக்கு இருந்த ஒரே சங்கடம், எல்லாரிடமும் நல்ல மனிதராக இருக்க வேண்டியிருந்ததுதான்.

"எனக்குத் தனிப்பட்ட முறையில ஆட்சேபணையே இல்லைம்மா," என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தால் பின்னால் ஆட்சேபணை வருகிறது என்று அர்த்தம். "கூட்டத்துல வருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பாடத்துல மிச்சம் இருக்கறதை விட்டுடுங்க. நான் ஒரு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, பெண்பிள்ளைகளுக்கு மட்டும் தனியா அரைமணி நேரம் பேசச் சொல்றேன்."

"பசங்களுக்கு, சார்?"

"பசங்க எப்படியும் தெரிஞ்சுக்குவாங்கம்மா."

"எங்கேர்ந்து சார்?"

தலைமையாசிரியர் ஜன்னல் வழியாக விளையாட்டு மைதானத்தைப் பார்த்தார். அங்கே அவருக்கு உதவ யாரும் இல்லை.

கூடத்தில் மேற்கூரை வேலை நடந்ததால் கூட்டத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் அப்பாக்களும் அம்மாக்களும் முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபர்னிச்சர்காரருக்கு அந்த இடுக்கில் நுழைய முடியவில்லை. ஊருக்கே நாற்காலி செய்து விற்கிறவர் கடைசிவரை நின்றுகொண்டேதான் பேசினார்.

இரண்டாவது பெஞ்சில் மூத்தவள். டீச்சர் பார்க்கும்போதெல்லாம் அவள் தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்தாள்.

"பிள்ளைங்களைப் படிக்கத்தான் அனுப்பறோம்," என்றார் ஃபர்னிச்சர்காரர். "வயசுக்கு மீறினதைத் தெரிஞ்சுக்க இல்லை."

"ஆமா சார்," என்று ஓர் அப்பா எழுந்தார். "என் பையன் வந்து, 'அப்பா, நான் எப்படிப் பொறந்தேன்'னு கேட்கறான். நான் என்ன பதில் சொல்றது?"

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?" என்றது பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். குபீரென்று கிளம்பிய சிரிப்பு, ஃபர்னிச்சர்காரர் திரும்பிப் பார்த்ததும் அப்படியே அடங்கிப்போனது.

ஆளாளுக்குப் பேசினார்கள். ஒருவர் பண்பாடு என்றார், ஒருவர் செல்போன் என்றார், ஒருவர் இதற்குச் சம்பந்தமே இல்லாமல் பள்ளிக் கழிவறையின் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசினார். தலைமையாசிரியர் டீச்சரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். வருத்தம்னு ஒரு வார்த்தை.

டீச்சர் எழுந்தாள். வாயைத் திறக்கும்வரை வருத்தம் என்றுதான் சொல்லப் போகிறோம் என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் அன்னைக்கு நடத்தின பாடத்தை இப்ப உங்களுக்கு நடத்தறேன். ஒவ்வொண்ணா போர்டுல எழுதறேன். எந்த வரி தப்புன்னு தோணுதோ அப்ப கையைத் தூக்குங்க. அழிச்சுடறேன்."

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் சாக்பீஸை எடுத்துவிட்டாள்.

இந்த வயதில் உடம்பு மாறும். பெண்ணுக்கு மாதவிடாய் வரும், அது அசிங்கம் இல்லை. பையனுக்குக் குரல் உடையும், தூக்கத்தில் விந்து வெளியேறும், அது நோய் இல்லை. கரு எப்படி உண்டாகிறது. தொடுவதற்கு ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவள் எழுதிக்கொண்டே சொன்னாள், சொல்லிக்கொண்டே எழுதினாள். முதலில் தலை குனிந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தார்கள். யாருடைய கையும் எழவில்லை.

நடுவில் பஸ் ஓட்டுகிற ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். சீருடையிலேயே வந்திருந்தார்.

"டீச்சர், அந்தத் தூக்கத்துல வர்றது... நோய் இல்லைன்னு சொன்னீங்களே, நிஜமாவா?"

"நிஜமாங்க. பையன் வளர்றான். அவ்வளவுதான்."

அவர் உட்காரவில்லை. தொப்பியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நான் அவனை அடிச்சுட்டேன் டீச்சர். ஏதோ கெட்ட பழக்கம்னு நினைச்சு அடிச்சுட்டேன்."

சிரிக்கக்கூட ஆள் இல்லை. காற்று நம் பக்கம் திரும்புகிறது என்று டீச்சருக்கு ஒரு கணம் தோன்றியது.

கடைசி வரியை எழுதினாள்: 'இதை வீட்டில் சொல்லாதே என்று ஒரு பெரியவர் சொன்னால், அதைத்தான் முதலில் வீட்டில் சொல்ல வேண்டும்.'

ஃபர்னிச்சர்காரர் கையைத் தூக்கினார்.

"இதை அழிங்க."

"ஏன் சார்?"

"பெரியவங்களைச் சந்தேகப்படச் சொல்றீங்க. மாமா, சித்தப்பா, வாத்தியார், ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரையும் பிள்ளை ஒரு மாதிரி பார்க்கணுமா? ஒரு குடும்பத்துக்குள்ள விஷத்தைக் கலக்க இந்த ஒரு வரி போதும்."

முணுமுணுப்பு கிளம்பியது. "அது சரிதானே" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். நிமிர்ந்த தலைகள் மறுபடி தாழ்ந்தன. வேறெந்த வரியையும் எதிர்க்க முடியாதவர்களுக்கு எதிர்க்க ஒரு வரி கிடைத்துவிட்டது.

"இதை மட்டும் அழிக்கமாட்டேன் சார்," என்றாள் டீச்சர். "மத்ததையெல்லாம் வேணும்னா அழிச்சுக்கோங்க."

"வெளியாள் நாங்க சொன்னா கேட்கமாட்டீங்க. உங்க வீட்டு ஆள் சொல்லட்டும்." ஃபர்னிச்சர்காரர் இரண்டாவது பெஞ்சின் பக்கம் திரும்பினார். "அம்மா, உங்க பொண்ணும் இந்தக் கிளாஸ்தானே? நீங்க சொல்லுங்க."

மூத்தவள் எழுந்தாள். தொண்டையைச் செருமினாள். டீச்சரைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி டீச்சரைப் பார்த்தாள்.

"இந்தப் பாடம் நடத்தினதுலேர்ந்து என் பொண்ணு ஒழுங்கா சாப்பிடறதில்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் வேறு எதுவும் தேவைப்படவில்லை.

விசாரணை முடியும்வரை டீச்சர் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையக்கூடாது என்று முடிவானது. தலைமையாசிரியரே டஸ்டரை எடுத்தார். மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் கொஞ்சம் தயங்கினார். பிறகு அதையும் துடைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மூத்தவள் முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். இவள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டும் நிமிரவில்லை. டீச்சர் நேராக மொட்டைமாடிக்குப் போனாள். காய்ந்த துணி இருந்தது. எடுத்து மடிப்பதற்காவது அது இருந்ததே என்று தோன்றியது.

பின்னாலேயே யாரோ படியேறி வந்தார்கள். சிட்டு.

"சித்தி, என்னாலதானே?"

"உன்னால என்ன கண்ணு?"

"நான் அம்மாகிட்ட சொன்னதாலதானே இவ்வளவும்."

"கிளாஸ்ல நடந்ததை அம்மாகிட்ட சொல்றது தப்பே இல்லை." டீச்சர் ஒரு போர்வையின் முனையை அவளிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடித்தார்கள். "சித்தி மேல கோபமா? நான் நடத்தினது ஏதாவது உன்னைப் பயமுறுத்திடுச்சா? தயங்காம சொல்லு. திட்டமாட்டேன்."

சிட்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். போர்வை கையில் இருந்தது. ஆனால் மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"சித்தி, ராக்கெட்டைப் பிடிக்கறது சரியில்லைன்னா, கையை மட்டும் பிடிச்சுக் காட்டினாப் போதும் இல்ல?"

முகத்தை மாற்றிக்கொள்ளாமல் இருக்க டீச்சர் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"போதும் கண்ணு. கையை மட்டும் பிடிச்சாப் போதும்."

"கோச் எல்லாரும் போனப்புறம் என்னை மட்டும் இருக்கச் சொல்வார். பின்னாடி வந்து ஒட்டி நிப்பார். நான் நகர்ந்தா, 'இப்படி இருந்தா போட்டிக்கு எப்படிப் போவே'ம்பார். இது நமக்குள்ள இருக்கட்டும், வீட்ல சொன்னா ஆட அனுப்பமாட்டாங்கன்னார்." அழுகையே இல்லாமல், பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று டீச்சருக்குத் தோன்றியது. "நீங்க கிளாஸ்ல சொன்னப்புறம்தான் அது தப்புன்னு எனக்கு நிச்சயமா தெரிஞ்சுது. அம்மாகிட்ட சொல்லலாம்னு போனேன். எடுத்தவுடனே அதைச் சொல்ல வரலை. முதல்ல கிளாஸைப் பத்திச் சொல்வோம், அம்மா நல்லபடியா கேட்டாங்கன்னா மீதியைச் சொல்லிடலாம்னு நினைச்சேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'ச்சீ, இதையெல்லாம் வாயால சொல்லாதே'ன்னாங்க."

டீச்சர் போர்வையோடு சேர்த்து அவளை அணைத்துக்கொண்டாள். "நீ ஒரு தப்பும் பண்ணலை. கேட்குதா? துளிகூட உன் மேல தப்பில்லை."

"அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தி."

"அந்த வாக்கை மட்டும் என்னால கொடுக்க முடியாது கண்ணு. ஆனா நீ பேச வேண்டாம். நான் பேசறேன். நீ என் கையைப் பிடிச்சுட்டு நின்னாப் போதும்."

மூத்தவள் மெஷினை நிறுத்தாமல்தான் கேட்க ஆரம்பித்தாள். இவள் சமாதானத்துக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பாள் போல. இரண்டாவது வாக்கியத்தில் கால் நின்றது. அதற்குப் பிறகு அவள் அசையவே இல்லை. ஊசிக்கடியில் துணி அப்படியே கிடந்தது.

டீச்சர் முடித்ததும் மூத்தவள் எழுந்தாள். கையில் வெட்டுக் கத்தரி இருந்தது.

"கத்தரியை வைங்கக்கா."

"அவன் எங்கே இருப்பான் இப்ப?"

"முதல்ல வைங்க."

டீச்சர்தான் விரல் விரலாகப் பிரித்து வாங்க வேண்டியிருந்தது. கத்தரி போனதும் அந்தக் கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மகளின் முகத்தைத் தொட்டது, தலையைத் தொட்டது, பிறகு தன் வாயிலேயே ஓங்கி அடித்துக்கொண்டது.

"சொல்ல வந்தாளே. என்கிட்ட சொல்ல வந்தாளே! இந்த வாய்தானே..."

"அம்மா, அடிச்சுக்காதே," என்று சிட்டு கையைப் பிடித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வந்த பிறகு நிற்கவில்லை.

கடையிலிருந்து வந்த டீச்சரின் கணவன் வாசலிலேயே நின்று பாதியைக் கேட்டிருந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. "அண்ணன் வரட்டும் அண்ணி. அவசரப்பட வேண்டாம். வெளியே தெரிஞ்சா பேர் கெட்டுப்போயிடும்."

மூத்தவள் திரும்பினாள். "யார் பேரு?"

அவன் சிட்டுவின் பக்கத்தில் போய்க் கீழே உட்கார்ந்தான். "நீங்க ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போங்க. நான் குழந்தைகூட இருக்கேன். அண்ணனுக்கு நானே போன் பண்றேன்."

டீச்சருக்கு அப்போது ஒன்று உறைத்தது.

"சிட்டு, நீ போகாததுனால இப்ப கடைசியா யாரை இருக்கச் சொல்றார்?"

சிட்டு மூக்கை உறிஞ்சினாள். "அவளைத்தான். ஃபர்னிச்சர் கடை அங்கிள் பொண்ணை. போட்டிக்கு இப்ப அவதான் போறா."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் முதல்முறையாக, கண்ணுக்குக் கண் நேராக.

"ஸ்டேஷன் அப்புறம்," என்றாள் மூத்தவள். "வண்டியை எடு."

ஃபர்னிச்சர்காரரே கதவைத் திறந்தார். கையில் டீ கோப்பை. இருவரையும் பார்த்ததும் அவர் முகத்தில் ஜெயித்தவனின் பெருந்தன்மை வந்து உட்கார்ந்தது.

"வாங்க, வாங்க. இதுக்காக வீடு தேடி வரணுமா? மன்னிப்பை ஸ்கூல்லயே கேட்டிருக்கலாமே."

"உங்க பொண்ணு எங்கே?" என்றாள் மூத்தவள்.

"பயிற்சிக்குப் போயிருக்கா. ஏன்?"

"போன் பண்ணிப் பேசுங்க."

"என்னம்மா இது, வந்ததும் வராததுமா..."

"பண்ணுங்க சார்," என்றாள் டீச்சர்.

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அவர் கோப்பையை வைத்துவிட்டு எண்ணை அழுத்தினார். மணி வீட்டுக்குள்ளேயே அடித்தது. மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன் தனியாக நடுங்கிக்கொண்டிருந்தது.

"மறந்து வெச்சுட்டுப் போயிட்டா போல. பரவாயில்லை, கோச்சே கொண்டுவந்து விட்டுடுவார். தங்கமான மனுஷன்."

மூத்தவள் சுற்றி வளைக்கவில்லை. சாயங்காலம் தன் மகள் டீச்சரிடம் சொன்னதை, மகள் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னாள். ச்சீ என்று அவள் அன்று தள்ளிய பேச்சு இன்று அவள் வாயிலிருந்தே தடுமாறாமல் வந்தது.

ஃபர்னிச்சர்காரர் சிரிக்கப் பார்த்தார். "அவரா? இருக்காதும்மா. குழந்தைங்க எதையாவது தப்பா புரிஞ்சுக்கிட்டு..."

"நேத்தும் இன்னைக்கும் போகமாட்டேன்னு அழுதா."

உள்ளறை வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். இவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருந்தாள் போலிருக்கிறது. "காரணம் கேட்டேன், சொல்லலை. நீங்கதான் சோம்பேறின்னு திட்டி, கார்ல ஏத்திக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தீங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். சட்டைப்பையைத் தடவினார், மேஜையைத் தடவினார். கார் சாவி அவர் கையிலேயே இருந்தது. செருப்பு மாட்டாமலே வாசலைத் தாண்டியவர், பாதி வழியில் நின்று திரும்பினார். பிற்பகல் அத்தனை பேரை அதட்டி உட்காரவைத்த குரல் கம்மிப்போயிருந்தது.

"டீச்சர், நீங்களும் வாங்க. அவகிட்ட இதை எப்படிக் கேட்கறதுன்னு எனக்குத் தெரியாது."

டீச்சர் முன்னால் ஏறினாள், மூத்தவளும் ஃபர்னிச்சர்காரரின் மனைவியும் பின்னால். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. ஆட்டக்கூடம் இருக்கிற தெருவில் கார் திரும்பியபோது எதிரே பிள்ளைகள் கூட்டமாக, ராக்கெட் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். ஃபர்னிச்சர்காரர் வண்டியை மெதுவாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அதில் அவள் இல்லை.

கூடத்தின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

கார் நிற்பதற்குள் மூத்தவள் கதவைத் திறந்து இறங்கி ஓடினாள்.